முன்னாடியா, பின்னாடியா?

அந்த வீட்டில் யாரும் யாரையும் வெறுமனே கூப்பிடுவதில்லை. முதலில் தான் நிற்கும் இடம், அப்புறம்தான் விஷயம். "அடுப்புகிட்ட இருக்கேன், உப்பு டப்பா எங்க?" "மாடிப்படியில நிக்கறேன்ப்பா, என் செருப்பைப் பார்த்தீங்களா?" "வாசல்ல இருக்கேன், கதவைத் திறங்க." புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு கொடுப்பது மாதிரி பேசுகிறார்களே என்று சிரிப்பார்கள். வீட்டுக்காரருக்கு இடது காது அடியோடு போய்விட்டது என்று தெரிந்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்குவார்கள். அவர் விடமாட்டார். "சிரிங்க, சிரிங்க. இந்தப் பக்கம் வந்து சிரிங்க, எனக்கும் கேக்கட்டும்" என்று வலது காதைக் காட்டுவார்.

அவர் ராணுவத்தில் இருந்தவர். பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்று உயிரை விட்டுவிட்டு ஒரு காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. இப்போது வீட்டின் முன்னறையில் மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் பழுதுபார்த்துக் கொடுக்கிறார். மிஞ்சிய காதுக்குக் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். ஆனால் அது எங்கே விழுந்தது என்று மட்டும் தெரியாது. மேசைமேல் தொலைபேசி அடித்தால் தலையணைக்குக் கீழே தேடுவார். தெருவில் வண்டி ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று புரியாமல் வண்டிக்கு நேராகவே ஒதுங்குவார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு இது எரிச்சலாக வந்தது. "இதோ நிக்கறேன், எங்கயோ பார்க்கறீங்களே!" என்று சிடுசிடுப்பாள். பிறகு ஒரு நாள் அவர், மனைவியின் குரலைத் தேடி வெறும் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கவனித்தாள். அன்றிலிருந்து இடத்தைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. பிள்ளைகள் பேசப் பழகியபோதே அப்படிப் பழகிவிட்டார்கள்.

அவளை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'நாற்காலி அக்கா' என்பார்கள். முதலில் தலைக்கவசம் செய்யும் பட்டறையில்தான் இருந்தாள். உள்ளே தலையில் படுகிற மெத்தைகளைத் தைப்பது வேலை. எந்த மெத்தை எந்தத் தலையில் உறுத்தும் என்று கையால் தடவியே சொல்லிவிடுவாள். பக்கத்துக் கட்டடத்தில் சோதனைக்கூடம் வந்தபோது, தலைக்கவசத்தைச் சரியாக மாட்டிவிட ஆள் வேண்டும் என்று அங்கே இருந்த பெண் பொறியாளர் கேட்டார். தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து போனவள் திரும்பி வரவேயில்லை.

அந்தச் சோதனை அறை ஒரு விசித்திரம். சுவர், கூரை, தரை எங்கும் கூரான பஞ்சுக் கட்டிகள். நடப்பதற்குக் கம்பி வலை. அங்கே எதிரொலி என்பதே கிடையாது; பேசினால் பேச்சு உதட்டிலேயே செத்துவிடும். நடுவில் ஒரு நாற்காலி. அதைச் சுற்றி வட்டமாக ஒலிபெருக்கிகள். சிப்பாய் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்ப்பில் பதித்து, கையில் ஒரு குச்சியோடு உட்காருவார். ஏதோ ஒரு ஒலிபெருக்கி 'டப்' என்று ஒரு தடவை அடிக்கும். சத்தம் வந்த பக்கம் குச்சியை நீட்ட வேண்டும். குச்சி காட்டும் திசை வெளியே திரையில் புள்ளியாக விழும். முதலில் வெறுந்தலை, அப்புறம் தலைக்கவசம். இரண்டையும் ஒப்பிட்டால் தலைக்கவசம் எவ்வளவு திருடுகிறது என்று தெரிந்துவிடும்.

திருட்டு என்ன என்பதைப் பொறியாளர்தான் அவளுக்குச் சொல்லித் தந்தார். இடமா வலமா என்பதை இரண்டு காதும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். முன்னாலா பின்னாலா என்பதைச் சொல்வது காது மடலில் இருக்கிற மடிப்புகள். முன்னால் வரும் சத்தம் அந்த மடிப்புகளில் ஒரு மாதிரி புரளும், பின்னால் வருவது வேறு மாதிரி. மடலை மூடிவிட்டால் சத்தம் கேட்கும், ஆனால் முன்னும் பின்னும் குழம்பிப் போகும்.

மாட்டிவிடுவது மட்டும்தான் அவள் வேலை என்று நினைத்தால் தப்பு. வருகிறவர்கள் எல்லோரும் சிப்பாய்கள். தப்பே செய்யக்கூடாது என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பரீட்சைக்கு வந்த மாதிரி வியர்த்துப் போவார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவார்கள். மீசை நரைத்த ஒருவர் கண்கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "உங்க பெட்டிதான் ரிப்பேர், என் காது இல்ல" என்று கத்தியதும் உண்டு. அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "இங்க மார்க் உங்களுக்கு இல்லைங்க, ஹெல்மெட்டுக்கு. அது உங்களைக் காப்பாத்தணும். நீங்க போய் அதைக் காப்பாத்திட்டு இருக்கீங்களே." அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு தாராளமாகத் தப்புத் தப்பாகக் காட்டினார். பெருமைக்காரர்களை வெட்கமில்லாமல் தப்புச் செய்ய வைப்பது லேசான வித்தையில்லை. அந்த வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

புதிய தலைக்கவசம் ஒன்று சோதனைக்கு வந்தது. பழையதில் பாதி கனம்கூட இல்லை. காதுக்குக் கீழே வரை இறங்கி, பக்கவாட்டில் பறந்து வரும் குண்டுச் சில்லுகளையும் தடுக்கும். அதை முதலில் வாங்கப்போகிற படைப்பிரிவிலிருந்தே சிப்பாய்களை அனுப்பினார்கள். வந்தவர்களில் அவளுடைய தம்பியும் இருந்தான்.

தம்பி என்றாலும் பெற்ற பிள்ளை மாதிரிதான். அவள் இடுப்பில் வளர்ந்தவன். பிறக்கும்போதே முறம் மாதிரி இரண்டு காது. 'முயல்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

"என்னக்கா, நாற்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்கே, முடி வெட்டிவிடப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

"உன் காதை வெட்டினாத்தான் ஹெல்மெட்டே உள்ள இறங்கும். வாயை மூடிட்டு உட்காரு."

சோதனை நடந்தது. திரையைப் பார்த்த பொறியாளருக்குப் புருவம் ஏறியது. தலைக்கவசத்தோடும் அத்தனை பேரும் அச்சு அசலாகத் திசை காட்டினார்கள். சிலர் வெறுந்தலையில் காட்டியதைவிட நன்றாகவே காட்டினார்கள்.

"இப்படி வர வாய்ப்பே இல்ல. என் வயர்லதான் கோளாறு" என்று பொறியாளர் வாயில் திருப்புளியைக் கவ்விக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டார். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது: "காதை மூடினா நல்லா கேக்குதாம்! அப்ப இன்னிக்கு வீட்டுக்குப் போயி காதுல தலகாணியைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் பேசறதைக் கேக்கறேன்."

"அப்பவும் கேக்காது மேடம்" என்றாள் அவள்.

கோளாறு வயரில் இல்லை. அடுத்த சிப்பாயின் தலையிலிருந்து கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு கைக்குட்டை விழுந்தது. நான்காக மடித்து, உச்சி மெத்தைக்கும் தலைக்கும் நடுவே செருகியது. "வேர்வைக்குக்கா" என்று அவன் பல்லைக் காட்டியபடி பையில் போட்டுக்கொண்டான். அதற்கு அடுத்தவன் தலையில் ஒரு காலுறை. அவனுக்கும் வேர்வையாம். அவள் மாட்டிவிட்டு வெளியே வந்ததும், கண்கட்டைச் சரிசெய்கிற சாக்கில் துணியை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். துணியின் தடிப்புக்குத் தலைக்கவசம் மேலே ஏறிக்கொள்கிறது. காது மடல் விளிம்புக்குக் கீழே சுகமாக வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் ஏன் கேட்காது?

இப்படியொரு யோசனை எந்த மூளையில் உதித்திருக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. தேநீர் இடைவேளையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்தாள்.

"முயல், இங்க வா."

"பசங்க முன்னாடி அப்படிக் கூப்பிடாதக்கா."

"கைக்குட்டை வைக்கச் சொன்னது யாரு?"

அவன் முகத்தைத் துடைப்பதிலேயே கொஞ்ச நேரம் போக்கினான். "நீ பழசை மாட்டிக்கிட்டு ஒரு நாள் நடந்து பாருக்கா. சாயங்காலம் கழுத்து தனியா கழண்டு வந்துடும். ராத்திரி படுத்தா தலை கல்லாட்டம் கனக்கும். இப்பத்தான் ஒரு நல்லது வந்திருக்கு. காது அடைக்குதுன்னு இதையும் திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, அடுத்தது வர்றதுக்குள்ள நாங்க கிழவனாயிடுவோம். அதான் எல்லாரும் சேர்ந்து பாஸ் பண்ணிவிட்டுடலாம்னு."

"அங்க போயி?"

"அங்கயும் கைக்குட்டை வெச்சுக்கறோம்."

"பக்கவாட்டுல வர்ற சில்லு கைக்குட்டையைப் பார்த்துட்டு ஒதுங்கிப் போயிடுமா? கீழ வரைக்கும் இறக்கிச் செஞ்சது எதுக்குடா?"

"அப்ப வைக்கல. இறக்கியே போட்டுக்கறோம். காது கொஞ்சம் முன்னபின்ன கேட்டா என்ன? எங்களுக்குப் பழகிடும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "மேடம்கிட்ட சொல்லப்போறியா?"

அதுதான் கேள்வி. சொன்னால் அத்தனை பேருக்கும் தண்டனை. யோசனை சொன்னவனுக்குக் கூடுதலாக. சொல்லாவிட்டால் தலைக்கவசம் தேறிவிடும். இதே தலை, அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தலை, அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கும். பின்னால் ஒரு துப்பாக்கி சுடும். இவன் முன்னால் பார்ப்பான்.

அவள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மின்விசிறியின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு, வலது காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டார். கேட்டு முடித்ததும் வெடித்துச் சிரித்தார்.

"மாப்ள கெட்டிக்காரன்தான். நாங்க இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்போம்."

"சிரிங்க. அவன் தலைக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பவும் சிரிங்க."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அவன்கிட்ட பேசிட்டியா?"

"பேசினேன். அவன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?"

"அப்பப் பேசாத. உட்கார வை. ஊரையெல்லாம் நாற்காலியில உட்கார வெச்சுத் தப்பைக் காட்டறியே, தம்பிக்கு மட்டும் வாயால பாடம் நடத்துவானேன்?"

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே தம்பியை வரச் சொல்லியிருந்தாள். பொறியாளரிடம் போய், "மேடம், இவனைக் கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க. ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம்" என்றாள். பொறியாளர் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

தம்பியின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை அவளே உருவினாள். தலைக்கவசத்தை மாட்டி, விளிம்பு காதுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். தாடைப்பட்டையை இழுத்துக் கட்டினாள். அப்புறம் கண்ணைக் கட்டினாள்.

"தலையைச் சாய்ப்புல வெச்சுக்கோ, ஆட்டாத. நான் கை தட்டறேன். எங்கேருந்து தட்டறேன்னு குச்சியைக் காட்டு. எல்லாம் சரியா சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ, நான் வாயே திறக்கல. உன் ஹெல்மெட்டு பாஸ்."

"வார்த்தை மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பி வலையில் நடந்தாள். எந்தக் கம்பி முனகும், எது முனகாது என்பது அவள் பாதத்துக்குத் தெரியும். இடப்பக்கம் நின்று ஒரு தட்டு. குச்சி இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் ஒரு தட்டு. குச்சி வலப்பக்கம்.

"என்னக்கா, குழந்தைப் பிள்ளை விளையாட்டா? கஷ்டமா ஒண்ணு குடு."

அவனுக்கு நேர் பின்னால் போய் நின்று, ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். குச்சி கொஞ்சமும் தயங்காமல் நேர் முன்னால் நீண்டது. திரும்பவும் தட்டினாள். திரும்பவும் முன்னால். "முன்னாடிதான் நிக்கறே. ஒரே இடத்துல நின்னு ஏமாத்தப் பார்க்கறியா?" என்று சிரித்தான்.

அவள் அவன் பின்கழுத்தில் கையை வைத்தாள்.

அவன் நாற்காலியிலிருந்து எகிறி விழப்போனான். கண்கட்டை மேலே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. "நீ முன்னாடிதானே இருந்தே!"

"உட்காரவெச்ச நேரத்துலேருந்து முன்னாடி வரவே இல்ல."

பிறகு பழைய வாய்த்துடுக்கு திரும்பியது. "தலையை ஆட்டக்கூடாதுன்னு சொல்லிட்டே. திருப்ப விட்டா கண்டுபிடிச்சிருப்பேன்."

"சரி, திருப்பு."

கண்ணைக் கட்டிவிட்டுத் தொடர்ந்து தட்டினாள். அவன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் கடைசியில் சரியாகக் காட்டினான். "பார்த்தியா!"

"பார்த்தேன். இப்ப?" ஒரே ஒரு தட்டு. "திருப்பு. நல்லாத் திருப்பிப் பாரு."

அவன் தலை திரும்பியது. திரும்பிப் பார்க்க அங்கே சத்தம் எதுவும் மிச்சமில்லை. குச்சி அந்தரத்தில் நின்றது.

"ரெண்டாவது சத்தம் வர்ற வரைக்கும் நீ இருக்கணுமேடா" என்றாள். உடனே குரலை அதட்டலாக மாற்றிக்கொண்டாள். "உங்க மாமாவுக்கு இடம் வலம் போச்சு. உனக்கு முன்னும் பின்னும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்காச்சும் நாங்க இத்தனை பேர் இருக்கோம், 'அடுப்புகிட்ட இருக்கேன், படியில இருக்கேன்'னு சொல்ல. உன்னைச் சுட வர்றவன் சொல்லுவானா, 'உனக்குப் பின்னாடி புதர்ல இருக்கேன், கொஞ்சம் திரும்பிக்கோ'ன்னு?"

தம்பி தலைக்கவசத்தைத் தானே கழற்றினான். அதை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "கனமே இல்லக்கா" என்றான், ஏதோ நல்ல பெண்ணை வேண்டாமென்று சொல்ல நேர்ந்த மாப்பிள்ளை மாதிரி.

"அதை நான் மேடம்கிட்ட சொல்றேன். கனத்தைப் பத்தியும் சேர்த்துச் சொல்றேன். நீ நிஜத்தைக் காட்டு, போதும்."

வெளியே அவன் நண்பர்களிடம் என்ன பேசினான் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் இரைச்சல் கேட்டது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பிறகு கதவோரம் இருந்த தட்டில் ஒவ்வொருவராக வந்து கைக்குட்டையைப் போட்டார்கள். காலுறைக்காரன் காலுறையைப் போட்டபோது, "அதை நீயே வெச்சுக்கப்பா, புண்ணியமாப் போகும்" என்றாள்.

பொறியாளரிடம் போய் நின்றாள். "மேடம், இதுவரைக்கும் எடுத்தது எதுவும் சரியில்ல. ஹெல்மெட் மேல ஏறியிருந்திருக்கு. மாட்டினது என் கை, நான்தான் கடைசியா ஒரு தடவை தடவிப் பார்த்திருக்கணும். முதல்லேருந்து எடுக்கணும்."

பொறியாளரின் பார்வை அவள் தோளுக்கு மேலாகத் தட்டுக்குப் போனது. தட்டு நிறையக் கைக்குட்டைகள். திரும்பவும் அவள் முகத்துக்கு வந்தது.

"நான் நாற்காலிக்கு அடியிலயே குடியிருந்தேன்."

"தெரியும் மேடம்."

"முதுகு நிமிர மாட்டேங்குது."

"தைலம் கொண்டுவந்திருக்கேன் மேடம்."

பொறியாளர் கையை நீட்டித் தைலத்தை வாங்கிக்கொண்டார். "சரி. முதல்லேருந்து. முதல் ஆள் யாரு?"

முதல் ஆளாக முயல் போய் உட்கார்ந்தான். மற்றவர்கள் வெளியே திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் அடித்த சத்தத்துக்கெல்லாம் முன்னால் குச்சி நீட்டினான். ஒவ்வொன்றுக்கும் வெளியே கூச்சல், விசில். "டேய், உனக்குக் காது மட்டும்தான்டா பெரிசு!" என்று ஒருவன் கத்தினான். அப்புறம் அவனே உள்ளே போய் அதைவிட மோசமாகக் காட்டிவிட்டு, திருதிருவென்று விழித்துக்கொண்டு வெளியே வந்தான். அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. கடைசி ஆள் வரும்போது திரையில் முன்னால் விழ வேண்டிய புள்ளிகள் பின்னாலும், பின்னால் விழ வேண்டியவை முன்னாலும் சிதறிக் கிடந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தலைக்கவசம் தேறவில்லை. ஆனால் குப்பைக்கும் போகவில்லை. கனத்தைப் பற்றி அவள் சொன்னதைப் பொறியாளர் விடாமல் மேலிடத்தில் பேசியிருந்தார். தயாரித்தவர்கள் அதே கனமில்லாத மேலோட்டைத் திரும்ப வாங்கி, காதருகே விளிம்பை வளைத்து மேலே எடுத்து, மடல் மூச்சு விடுகிற மாதிரி செய்து அனுப்பினார்கள். அடுத்த சோதனையில் தப்புகள் நிறையக் குறைந்தன. அடியோடு போகவில்லை. விளிம்பு ஏறிய இடத்தில் சில்லுக்குக் கொஞ்சம் வழியும் விட்டாயிற்று. "ரெண்டும் முழுசா வேணும்னா முடியாது. ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்" என்றார் பொறியாளர். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதற்காக மனது ஆறிவிடுமா? அந்த விளிம்புக்கு வரும் மெத்தையைத் தைக்க ஒரு நாள் பட்டறைக்கே போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் தடிமனாகவே தைத்தாள். அதையும் பொறியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள்.

தம்பியின் படைப்பிரிவு புதிய தலைக்கவசங்களோடு கிளம்பிப் போனது. எங்கே என்று சொல்லக் கூடாதாம். சேதி இல்லாத நாட்களில் அவள் வழக்கம்போல நாற்காலியில் புதுப் புது ஆட்களை உட்காரவைத்தாள். எல்லோருடைய விளிம்பையும் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினாள். வீட்டில் மட்டும் தொலைபேசி அடித்தால் யாரையும் எழ விடமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அடித்தது. கணவர் பழக்கதோஷத்தில் தலையணையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் மேசைக்கு ஓடினாள்.

"அக்கா, எங்க இருக்கேன்னு முதல்ல சொல்லணும் இல்ல உங்க வீட்டுல? சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. உனக்குப் பின்னாடி இருக்கேன்னு வெச்சுக்கோயேன்."

"உதை வாங்குவே. உடம்பு எப்படி இருக்கு?"

"கழுத்து வலி இல்ல. ரெண்டு நாள் முன்னாடி ஒரு சத்தம் வந்துதுக்கா. ஒண்ணே ஒண்ணு. நாங்க எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினோம்."

"சரியான பக்கமா?"

"தப்பான பக்கமா இருந்தா போன் யாரு பண்ணுவா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கணவர் பக்கத்து அறைக்கு நடுவில் நின்று, குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"கைக்குட்டை வைக்கலக்கா" என்றான் தம்பி.

"நான் கேக்கவே இல்லையே."

"கேப்பேன்னு தெரியும்."

அவள் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, கணவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "மேசைகிட்ட இருக்கேங்க. இங்க வாங்க. உங்க மாப்ள பேசறான்."